மரணசாசனத்தில் ஜிமெயில், யூடியூப், பிட்கொயின்: எப்படி எழுதினால் பிள்ளைகள் கைக்குப் போகும்?

#1 கொட்டகலைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். ஹட்டன் பக்கம் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவருக்கு மரணசாசனம் (உயில்) தயாராகிறது. காணி, வீடு பற்றிய பகுதியைச் சட்டத்தரணி எழுதி முடித்துவிட்டார். போனுக்குள்ளும் இணையத்திலும் இருக்கிற சொத்துதான் மிச்சம். பட்டியல் இது:

ஜிமெயில் கணக்கு ஒன்று, அதில் பதினைந்து வருடப் படங்கள். சாதாரண தரப் பாடங்கள் உள்ள யூடியூப் சேனல், மாதாமாதம் கொஞ்சம் டொலர் வருகிறது. பாடக்குறிப்புகளுக்கு ஒரு டொட் கொம் இணையத்தளம். சி.டி.எஸ். கணக்கில் (பங்குகளை இலத்திரனியல் வடிவில் வைக்கும் கணக்கு) சில கம்பனிப் பங்குகள். ஈசி கேஷ் என்ற போன்வழிப் பணக் கணக்கில் சில்லறைக் காசு. போன் பணப்பையில் கொஞ்சம் பிட்கொயின். பேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாரிடமும் இருப்பதுபோல.

அவர் கையால் எழுதிய வரைவு:

"எனது ஜிமெயில் கணக்கும் அதன் கடவுச்சொல்லும் (இங்கே கடவுச்சொல்) மூத்த மகளுக்கு. யூடியூப் சேனல் இரண்டாவது மகனுக்கு. பிட்கொயினுக்குரிய 12 சொற்கள் கடைசிப் பக்கத்தில் உள்ளன. மூன்று பிள்ளைகளுக்கும் சம பங்கு."

அந்த 12 சொற்கள்தான் பிட்கொயின் பணப்பையைத் திறக்கிற சாவி. இதில் எங்கெங்கே ஓட்டை, சொல்லுங்க.

#2 நொத்தாரிசு_மேசை

தம்பி, முதலில் வடிவத்தைப் பார்ப்போம். வடிவம் பிழைத்தால் உள்ளே எவ்வளவு நன்றாக எழுதியும் பயன் இல்லை.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி மரணசாசனம் எழுத்தில் இருக்க வேண்டும். அடியில் அல்லது முடிவில் கையெழுத்து. அந்தக் கையெழுத்து ஒரு நொத்தாரிசும் (பத்திரங்களை அத்தாட்சிப்படுத்தும் அதிகாரம் உள்ளவர்) இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூட இருக்கும்போது இடப்பட வேண்டும். நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள், அவர்களும் ஒரே நேரத்தில். ஒருவர் காலையிலும் இன்னொருவர் பின்னேரமும் வந்து வைக்கிற கையெழுத்து செல்லாது.

"முடிவில் கையெழுத்து" என்பதை இந்த வரைவோடு வைத்துப் பாருங்கள். கையெழுத்துக்குக் கீழே, கடைசிப் பக்கத்தில் 12 சொல் எழுதினால் அது சாசனத்தின் பகுதியாக நிற்காது. அதைவிடப் பெரிய சிக்கல் அடுத்தது. அவர் இறந்த பிறகு அசல் சாசனம் மாவட்ட நீதிமன்றக் கோவைக்குள் போகும். எழுதுவினைஞர், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி, ஆட்சேபிக்கிற உறவினர் எல்லார் கண்ணிலும் படும். சாசனத்தில் எழுதிய கடவுச்சொல் சந்தியில் எழுதி ஒட்டிய கடவுச்சொல்தான்.

அடுத்தது மொழி. நொத்தாரிசின் அதிகாரப் பத்திரத்தில் எந்த மொழியில் அத்தாட்சிப்படுத்தலாம் என்று குறித்திருக்கும். தமிழில் சாசனம் வேண்டுமானால் தமிழுக்கு அதிகாரம் உள்ளவரிடம் போங்கள். சொந்த மொழியில் வாசித்துப் பார்த்துக் கையெழுத்து வைக்கிற சாசனத்துக்கு ஆட்சேபனை குறைவு. பயன்பெறப் போகிற பிள்ளையையோ மருமகனையோ சாட்சியாக நிறுத்த வேண்டாம்.

இன்னொன்று, திருமணம் பழைய சாசனத்தை இரத்தாக்கும். மனைவியை இழந்தவர் மறுமணம் செய்தால் புதிதாக எழுத வேண்டும்.

#3 லிந்துலை_லைன்

கேள்வி ஒன்று. சாசனமே எழுதாம விட்டா என்ன ஆகும்? தேசவழமையா, பொதுச் சட்டமா?

#4 நொத்தாரிசு_மேசை

தேசவழமை வடமாகாணத் தமிழருக்கு. கண்டிச் சட்டம் கண்டியச் சிங்களவருக்கு. மலையகத் தமிழருக்கு இரண்டும் பொருந்தாது, 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்தான். உயிரோடு இருக்கும் துணைக்குப் பாதி, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. முஸ்லிம்களுக்கு 1931ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக உண்டு.

பாதி, கால் என்று காணியைப் பிரிக்கலாம். யூடியூப் சேனலை அப்படிப் பிரிக்க வழியில்லை. இந்த வகைச் சொத்துக்குச் சாசனம் அவசியம் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

#5 பூட்டுச்சாவி

கொட்டகலை அண்ணே, நொத்தாரிசு ஐயா சொன்னதோட தொடர்ச்சியா சொல்றேன். இதுல ரெண்டு சாமான் இருக்கு: உரிமை, சாவி. உரிமையைச் சாசனம் கொடுக்கும். சாவியைச் சாசனத்தால கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. பாஸ்வேர்ட் மாறிக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் நொத்தாரிசு வீட்டுக்குப் போவாரா ஆசிரியர்?

முதல் வேலை கூகுள். கணக்கு அமைப்புல "தரவும் தனியுரிமையும்" பகுதிக்குள்ள செயலற்ற கணக்கு நிர்வாகி இருக்கு. காசு கிடையாது, பத்து நிமிஷ வேலை.

எவ்வளவு நாள் கணக்கு அசையாம இருந்தா "ஆள் இல்லை"ன்னு எடுக்கணும்னு கேட்கும். 3, 6, 12, 18 மாசம், இதுல ஒண்ணு. அந்த நேரம் முடியிறதுக்கு ஒரு மாசம் முந்தியே எஸ்.எம்.எஸ்., மின்னஞ்சல் ரெண்டுலயும் எச்சரிக்கை வரும். பிறகு நம்பிக்கையானவங்க பெயர், 10 பேர் வரைக்கும் போடலாம். யாருக்கு எது, படங்கள் மட்டுமா, மெயிலும் சேர்த்தான்னு தனித்தனியாத் தெரிவு செய்யலாம். கடைசியா, எல்லாம் கொடுத்த பிறகு கணக்கை அழிக்கணுமான்னு கேட்கும். ஆசிரியர் விஷயத்துல "அழிக்க வேண்டாம்"ன்னு வைங்க, சேனல் அதுலதான் இருக்கு.

இனி எங்க பிழைக்குதுன்னு பாருங்க.

ஒண்ணு, மகளோட மின்னஞ்சலோட போன் நம்பரும் கொடுக்கணும். தரவை இறக்குறப்போ அந்த நம்பருக்குத்தான் சரிபார்ப்புக் கோட் வரும். மகள் டுபாய்ல சிம் மாத்திட்டா கோட் யாருக்கோ போகும். தரவை இறக்க 3 மாசம்தான் அவகாசம். அதனால ரெண்டு பேரையாவது போடுங்க, ஒருத்தர் இங்கேயே இருக்கிறவரா இருக்கணும்.

ரெண்டு, நெறைய பேர் கவனிக்காதது. அண்ட்ரொய்ட் போன் கூகுளோட தொடர்புல இருந்தா அதுவும் "அசைவு"ன்னுதான் கணக்கு. அப்பா இறந்த பிறகு அவர் போனை அதே ஜிமெயிலோட மகன் பாவிச்சிக்கிட்டு இருந்தா கூகுளுக்கு அப்பா இன்னும் இருக்கார். கடிகாரம் ஓடத் தொடங்காது. போனை நிறுத்தி வைக்கணும், இல்லாட்டி கணக்கை எடுத்துட்டுப் பாவிக்கணும்.

மூணு, இது தரவோட பிரதியை மட்டும்தான் கொடுக்கும். பாஸ்வேர்டையும் கணக்கையும் கொடுக்காது.

இதை வைக்காமலே விட்டா, 2 வருஷம் யாரும் உள்ள போகாத தனிநபர் கணக்கைக் கூகுள் அழிக்கலாம், 2023 டிசம்பர்ல இருந்து அப்படி. யூடியூப் வீடியோ உள்ள கணக்குகளை இப்போதைக்கு விட்டுவைக்கிறாங்க, அதை நம்பி இருக்க வேண்டாம்.

#6 மஸ்கெலியா_மலர்

ஒரு முக்கியமான விசயம் விட்டுப்போகுது. தோட்டத்துல, டவுன்ல நெறைய பேரோட ஜிமெயில் அவங்களே திறந்தது இல்லை. போன் வாங்கின அன்னிக்குக் கொம்யூனிகேஷன் கடைக்காரர் திறந்து கொடுத்தது. மீட்பு நம்பர் கடைக்காரரோடதா இருக்கும், இல்லாட்டி பாவிக்காத பழைய சிம்மா இருக்கும். பிறந்த தேதியும் வாய்க்கு வந்தது.

எந்தத் திட்டம் போடுறதுக்கும் முந்தி இந்த மூணையும் பாருங்க: மீட்பு நம்பர், மீட்பு மின்னஞ்சல், பெயர். பிறகு இரண்டு கட்டச் சரிபார்ப்புப் பக்கத்துல பேக்கப் கோட் இருக்கு, 10 கோட், ஒவ்வொண்ணும் 8 இலக்கம், ஒண்ணு ஒரு தடவைதான் வேலை செய்யும். அதைக் கையால எழுதி வைங்க. சிம் போனாலும் உள்ள போக அதுதான் வழி. கடையில தெர்மல் தாள்ல அடிச்சு வாங்க வேண்டாம், மங்கிப் போகும்.

#7 கொட்டகலைக்காரன்

மலர் அக்கா, பார்த்தாச்சு. மீட்பு நம்பர் உண்மையிலேயே பழைய சிம். மாற்றியாச்சு.

வங்கி, ஈசி கேஷ் பற்றித் தெரிந்தவர்கள்?

#8 பண்டாரவளை_கவுண்டர்

வங்கிக் கணக்கு டிஜிட்டல் சொத்து இல்லை, சாதாரண அசையும் ஆதனம்தான். ஆனால் செயலி வழியாக இருப்பதால் குழப்பம் வருகிறது.

முதலில், கணக்குக்கு நியமனதாரர் பெயர் கொடுத்திருக்கிறாரா என்று பாருங்கள். கொடுத்திருந்தால் வங்கி அவரிடம்தான் காசைக் கொடுக்கும். சாசனத்தில் மூன்று பேருக்குச் சமபங்கு, நியமனப் படிவத்தில் மூத்தவர் பெயர் மட்டும் என்று இருந்தால் சண்டை அங்கேயே தொடங்கும். கையெழுத்து வைக்கும் முன் இரண்டையும் ஒத்துப்போக வையுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கும் இதே பேச்சு.

இறந்த பிறகு ஏ.டி.எம். கார்டையோ செயலியையோ வைத்துக் காசு எடுப்பது பெரிய தவறு. பின் இலக்கம் தெரிந்திருப்பதும் ஓ.டி.பி. வருகிற சிம் கையில் இருப்பதும் உரிமை ஆகாது. அன்றிலிருந்து அந்தக் காசு மரணச் சொத்து. மற்றப் பிள்ளைகள் கூற்றுப்பத்திரத்தை எடுத்துத் தேதி பார்த்தால் எடுத்தவர் பதில் சொல்ல வேண்டி வரும். மரணச் செலவைக் கைக்காசில் செய்து பில்லை வையுங்கள், சொத்திலிருந்து கேட்டுப் பெறலாம். மகன் பெயரில் அற்றோணித் தத்துவம் (அப்பாவுக்குப் பதிலாகச் செயற்படும் அதிகாரப் பத்திரம்) இருந்தாலும் அது அப்பாவின் உயிரோடு முடிகிறது, அதை வைத்தும் எடுக்க முடியாது.

ஈசி கேஷ், எம்கேஷ் போன்றவை சிம்மோடும் அடையாள அட்டையோடும் கட்டப்பட்டவை. மீதி சிறிதாக இருந்தால் உயிரோடு இருக்கும்போதே வங்கிக் கணக்குக்கு மாற்றிவிட்டுச் செலவுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. ஆயிரம் ரூபாய்க்காக மரண அத்தாட்சிப் பத்திரம் தூக்கிக்கொண்டு கண்டிக்குப் போக யாருக்கும் மனம் வராது.

சி.டி.எஸ். பங்குகளைச் சாசனத்தில் பெயர் சொல்லி எழுதுங்கள்: கணக்கு இலக்கம், தரகு நிறுவனத்தின் பெயர். கம்பனி வாரியாக எண்ணிக்கை வேண்டாம், அது மாறும்.

#9 பூட்டுச்சாவி

சிம் பத்தி ஒரு வார்த்தை. ஆள் இறந்த வாரமே சிம்மைத் துண்டிக்கச் சொல்லி ஓடாதீங்க. எல்லாக் கணக்கோட ஓ.டி.பி.யும் அதுக்குத்தான் வரும். ப்ரீபெய்ட்னா ரீலோட் போட்டு உயிரோட வைங்க, பிறகு மரண அத்தாட்சிப் பத்திரத்தோட கிளைக்குப் போய்ப் பெயர் மாத்தக் கேளுங்க. நம்பர் விட்டுப்போனா கொஞ்ச காலத்துல வேற ஆளுக்கு விப்பாங்க. அப்போ அப்பாவோட கோட் அந்நியன் போன்ல வரும்.

சிம்முக்கே பின் நம்பர் போட்டிருந்தா 3 தடவை பிழையா அடிச்சதும் பக் கோட் (பூட்டின சிம்மைத் திறக்கிற கோட்) கேட்கும். பக் 10 தடவை பிழைச்சா சிம் செத்துச்சு. சிம் வந்த அட்டையை எறியாதீங்க, பக் அதுலதான் இருக்கு. போனை ஓப் பண்ணி ஓன் பண்ணினா முதல் தடவை கைரேகை வேலை செய்யாது, திரைப்பூட்டுப் பின் நம்பர் வேணும். அப்பா விரல் வைச்சுத் திறந்த போன்தானேன்னு நெனைச்சு இருக்கிற வீட்டுல, சார்ஜ் இறங்கின அன்னியோட எல்லாம் பூட்டிக்கும்.

வாட்ஸ்அப் 120 நாள் பாவிக்காம இருந்தா கணக்கு அழியும். வேணுங்கிற உரையாடலை அதுக்குள்ள ஏற்றுமதி செய்யணும். பேக்கப்புக்கு 64 இலக்கச் சாவி போட்டிருந்தா, அது இல்லாம யாராலயும் திறக்க முடியாது.

#10 லிந்துலை_லைன்

என் கேள்வி சின்னது. வாட்ஸ்அப்ல குரல் பதிவாவோ வீடியோவாவோ "இது உனக்கு, அது அவனுக்கு"ன்னு சொல்லி வைச்சா செல்லுமா?

#11 நொத்தாரிசு_மேசை

செல்லாது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் மரணசாசனத்தைத் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. டிஜிட்டல் கையெழுத்திட்ட பி.டி.எஃப். கூடச் செல்லாது. தாளும் மையும் சாட்சியும் வேண்டும். வீடியோ எடுத்து வைப்பதில் தவறில்லை, ஆனால் அது சாசனம் ஆகாது.

#12 தலவாக்கலை_ஸ்டூடியோ

யூடியூப் பகுதியை நான் எடுக்கிறேன். "சேனல் இரண்டாவது மகனுக்கு" என்று சாசனத்தில் எழுதுவது உரிமையைச் சொல்கிறது. சேனல் கைமாறுவது யூடியூபுக்குள்ளேதான் நடக்க வேண்டும், அதுவும் ஆசிரியர் இருக்கும்போதே.

சேனல் தனிப்பட்ட ஜிமெயிலோடு ஒட்டியிருந்தால் முதலில் அதைப் பிராண்ட் கணக்குக்கு (பலர் சேர்ந்து நிர்வகிக்கக்கூடிய கணக்கு) நகர்த்துங்கள். பிறகு மகனின் ஜிமெயிலை அதில் உரிமையாளராகச் சேருங்கள். 7 நாள் உரிமையாளராக இருந்த பிறகுதான் முதன்மை உரிமையாளர் ஆக்க முடியும். ஆசிரியர் முதன்மை உரிமையாளராகவே இருக்கட்டும், மகன் சாதாரண உரிமையாளராகக் கூட இருந்தால் போதும். வெறும் மேலாளர் அனுமதி கொடுத்தால் வீடியோ ஏற்றலாம், உரிமை கைமாறாது.

காசு வேறு கதை. அட்சென்ஸ் கணக்கு (யூடியூப் விளம்பரக் காசு வருகிற கூகுள் கணக்கு) கைமாற்ற முடியாதது. அப்பாவின் அட்சென்ஸில் மகன் வங்கி இலக்கத்தை மட்டும் மாற்றிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். பெறுபவர் பெயரும் கணக்குக்காரர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். மகன் தன் பெயரில் அட்சென்ஸ் திறந்து அதைச் சேனலோடு இணைக்க வேண்டும். இணைப்பை 32 நாளுக்கு ஒருமுறைதான் மாற்றலாம், அதனால் முதல் தடவையே சரியாகச் செய்யுங்கள்.

முகவரி சரிபார்ப்புக்கான பின் இலக்கம் தபாலில் வரும். தோட்ட முகவரி என்றால் அந்தக் கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போய் அங்கே கிடக்கும். டவுனில் தனி இலக்கம் உள்ள முகவரி, அல்லது தபால் பெட்டி இலக்கம் கொடுங்கள்.

அப்பாவின் அட்சென்ஸில் 100 டொலருக்குக் கீழே தங்கியிருக்கிற தொகை தானாக வராது. மரணச் சொத்தின் பகுதியாக நிறைவேற்றுநர்தான் (சாசனத்தை நிறைவேற்ற அதில் பெயர் குறிக்கப்பட்டவர்) கூகுளிடம் கேட்க வேண்டும்.

பலருக்குத் தெரியாதது: வீடியோவின் பதிப்புரிமை சேனலிலிருந்து தனியானது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அது அவர் ஆயுட்காலமும் அதற்குப் பின் 70 ஆண்டும் நிற்கும். சேனல் நாளை மூடப்பட்டாலும் அந்தப் பாடங்களை வேறு இடத்தில் போட, புத்தகமாக்க, விற்க அந்த உரிமை வேண்டும். ஆகவே சாசனத்தில் சேனலையும் பதிப்புரிமையையும் இரண்டு வசனமாக எழுதுங்கள். மூல வீடியோக் கோப்புகள் உள்ள ஹார்ட் டிஸ்க் யாருக்கு என்பதையும் சேருங்கள்.

இணையத்தளப் பெயர்: டொட் கொம் காலாவதியானால் பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை சாதாரண விலையில் புதுப்பிக்கலாம். அதற்குப் பின் 30 நாள் கூடுதல் கட்டணத்தோடு மீட்கலாம். பிறகு 5 நாளில் பொதுச் சந்தைக்குப் போய்விடும். மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு முடிய அதைவிட நாளாகும். சில வருடத்துக்கு முன்பணம் கட்டி, தொடர்பு மின்னஞ்சலில் இரண்டாவதாக மகனுடையதைச் சேர்த்துவிடுங்கள்.

#13 மஸ்கெலியா_மலர்

ஸ்டூடியோ அண்ணே, உயிரோட இருக்கும்போதே மகனை உரிமையாளராப் போட்டா, அவர் நெனைச்சா நாளைக்கே சேனலை அழிக்கலாம் இல்லையா? மத்தப் பிள்ளைகளுக்கு அது நியாயமா?

#14 தலவாக்கலை_ஸ்டூடியோ

உரிமையாளருக்கு அந்த அதிகாரம் இருக்கிறது, உண்மை. அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் மேலாளராக மட்டும் வைத்து, முதன்மைக் கணக்கின் சாவியை மூடிய உறையில் நிறைவேற்றுநரிடம் விடலாம். ஒன்று வேகம், மற்றது பாதுகாப்பு. அந்த வீட்டை அறிந்தவர்தான் முடிவெடுக்க வேண்டும்.

#15 ஹப்புத்தளை_மூடுபனி

பிட்கொயின். இதுதான் இந்தப் பட்டியலிலேயே திரும்ப வராத சொத்து. கூகுளிடம் கெஞ்சலாம், வங்கியிடம் மனுக் கொடுக்கலாம். இங்கே கேட்க ஆளே இல்லை.

12 சொல்லும் 2048 சொல் கொண்ட ஒரு நிலையான பட்டியலிலிருந்து வருபவை. வரிசை மாறினால் திறக்காது. சாசனத்தில் எழுதினால் கோவையைப் பார்த்த முதல் ஆள் எடுத்துவிடுவார், யார் எடுத்தார் என்றும் தெரியாது.

சிலர் 6 சொல் ஒரு பிள்ளையிடம், 6 சொல் இன்னொரு பிள்ளையிடம் என்று பிரிக்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள். ஒரு துண்டு தொலைந்தால் முழுதும் போச்சு. பாதி தெரிந்தவனுக்கு மீதியை ஊகிப்பதும் மிகவும் இலேசாகிவிடுகிறது. பிரிக்கத்தான் வேண்டுமென்றால் மூன்றில் இரண்டு கையெழுத்துப் பணப்பை (மூன்று சாவியில் இரண்டு சேர்ந்தால் திறப்பது) அமைக்கலாம். ஆனால் சிறு தொகைக்கு அந்தச் சிக்கல் தேவையில்லை, பிள்ளைகளுக்கு அதை இயக்கத் தெரியாமல் போவதுதான் பெரிய ஆபத்து.

சிறு தொகைக்கு இப்படிச் செய்யலாம். சொற்களைக் கையால், ஆங்கில எழுத்திலேயே, 1 முதல் 12 வரை இலக்கமிட்டு இரண்டு பிரதி எழுதுங்கள். எந்தப் பணப்பைச் செயலி என்ற பெயரும் வேண்டும், அது இல்லாமல் சொல் மட்டும் கிடைத்தால் பிள்ளைகள் கண்ட செயலியிலெல்லாம் போட்டுப் பார்ப்பார்கள், அதில் ஒன்று திருட்டுச் செயலியாக இருக்கும். கூடுதல் கடவுச்சொல் வைத்திருந்தால் அதை வேறு இடத்தில். எழுதி முடித்ததும் வேறொரு போனில் அந்தச் சொற்களை வைத்துத் திறந்து, அதே முகவரி வருகிறதா என்று சரிபாருங்கள். இந்தச் சோதனை இல்லாமல் எழுதிய தாளை நம்ப முடியாது.

நம் ஊர் ஈரத்தையும் கணக்கில் எடுங்கள். கூரை ஒழுகுகிற லயத்துத் தகரப் பெட்டியில் ஜெல் பேனாவில் எழுதிய தாள் இரண்டு மழைக்காலத்தில் ஊறிப்போகும். பென்சில் அல்லது போல்பொயிண்ட், சிப் உள்ள பொலித்தீன் பை, உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். தொகை பெரிதென்றால் துருப்பிடிக்காத இரும்புத் தகட்டில் எழுத்து அச்சு அடித்து வையுங்கள். அந்த 2048 சொல் பட்டியலில் முதல் 4 எழுத்திலேயே ஒவ்வொரு சொல்லும் வேறுபடுவதால் 4 எழுத்து அடித்தால் போதும். பென் டிரைவை நம்பி அலுமாரியில் வருடக்கணக்கில் போட வேண்டாம்.

வன்பொருள் பணப்பை (சாவியை வைக்கிற தனிச் சிறு கருவி) என்றால் அதன் பின் இலக்கத்தை ஊகித்து அடிக்கக் கூடாதென்று குறிப்பில் எழுதுங்கள். லெட்ஜர் என்ற வகைக் கருவியில் 3 தடவை பிழைத்தால் தன்னையே அழித்துக்கொள்ளும்.

சட்டப் பக்கம்: மத்திய வங்கி 2018 முதல் மெய்நிகர் நாணயங்கள் பற்றி எச்சரித்து வருகிறது. 2021ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பணிப்புரைப்படி பற்று அட்டை, கடன் அட்டையால் அவற்றுக்குக் காசு கட்ட அனுமதி இல்லை. பிள்ளைகள் விற்று ரூபாயாக்கும் முன் சட்டத்தரணியைக் கேட்கட்டும்.

#16 நொத்தாரிசு_மேசை

மூடுபனி எழுதியதோடு உடன்படுகிறேன். உறையை எங்கே வைப்பது என்பது மிச்சம். சில நொத்தாரிசுமார் வாங்கி வைப்பார்கள், நான் அதை ஊக்குவிப்பதில்லை. அலுவலகம் இடம் மாறும், நொத்தாரிசும் இறப்பார். ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி நிறைவேற்றுநரிடம், உறையின் வாய் மேல் ஆசிரியரின் கையெழுத்தும் தேதியும். கையெழுத்து உடைந்திருந்தால் காசை உடனே புதிய பணப்பைக்கு மாற்ற வேண்டும்.

உறைக்குள் இருக்கும் குறிப்பில் "இது இன்னாருக்கு" என்று எழுதக் கூடாது. சாட்சியில்லாத தாள் பங்கு கொடுக்காது, சாசனத்தோடு முரண்பட்டால் வழக்குக்கு மட்டும் உதவும். அதில் எங்கே, எப்படி என்பது மட்டும் இருக்கட்டும். யாருக்கு என்பது சாசனத்தில்.

நிறைவேற்றுநரின் அதிகாரத்தையும் சாசனத்திலேயே வெளிப்படையாக எழுதுங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அதிகாரமில்லாமல் கணினிக்குள் நுழைவதைக் குற்றமாக்கியிருக்கிறது. கடவுச்சொல் கையில் இருப்பது மட்டும் அதிகாரம் ஆகாது. இரண்டு நிறைவேற்றுநர் போட வேண்டாம், ஒருவரைப் போட்டு, தொழில்நுட்ப உதவிக்கு ஒருவரை அமர்த்திக்கொள்ள அவருக்கு அனுமதி கொடுங்கள்.

#17 நுவரெலியா_பதிவேடு

பெயர் விசயம். மலையகத்தில் இதுதான் அதிகம் பிழைக்கிறது, ஆனால் இங்கே இதுவரை யாரும் தொடவில்லை.

பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் ஒரு எழுத்து, தோட்ட இடாப்பில் ஒரு எழுத்து, பேஸ்புக்கில் செல்லப் பெயர். தகப்பன் பெயர் முன்னால் வருவது ஒன்றில், பின்னால் வருவது இன்னொன்றில். மரண அத்தாட்சிப் பத்திரம் அடையாள அட்டைப்படி வரும். அதை அனுப்பினால் வெளிநாட்டுக் கம்பனி "இது வேறு ஆள்" என்று திருப்பி அனுப்பும்.

இப்போதே செய்ய வேண்டியது: கணக்குகளில் உள்ள பெயரை அடையாள அட்டையில் உள்ள ஆங்கில எழுத்துப்படி மாற்றுவது. பேஸ்புக்கில் ஊர்ப்பெயர் வேண்டுமானால் மாற்றுப் பெயராகக் காட்டலாம். மாற்ற முடியாத பழைய பத்திரங்களுக்கு, எல்லா வடிவமும் ஒரே ஆளைத்தான் குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். அவர் உயிரோடு இருந்து தானே சத்தியம் செய்வதற்கு இருக்கும் பலம், பிறகு பிள்ளைகள் செய்வதற்கு இருக்காது. சாசனத்திலும் "இன்னார் என்றும் அழைக்கப்படும் இன்னார்" என்று எல்லா வடிவத்தையும் எழுதலாம்.

மரண அத்தாட்சிப் பத்திரத்தின் உறுதிப்படுத்திய பிரதி ஆறேழு எடுங்கள். பிரதேச செயலகத்துக்குத் திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதைவிட அது இலேசு. வெளிநாட்டுக் கம்பனிகளுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும்.

#18 பூட்டுச்சாவி

பேஸ்புக், ஆப்பிள் ரெண்டும் சுருக்கமா. பேஸ்புக்ல நினைவாக்க அமைப்புக்குள்ள போய் 18 வயசுக்கு மேற்பட்ட நண்பர் ஒருத்தரை மரபுத் தொடர்பாளராப் போடலாம். அவரால மேல ஒரு பதிவு ஒட்டலாம், படம் மாத்தலாம், கணக்கை நீக்கக் கேட்கலாம். உள்ள நுழைஞ்சு செய்தி வாசிக்க முடியாது. பக்கம் நடத்துறவர்னா ரெண்டாவது நிர்வாகி கட்டாயம். வாட்ஸ்அப் குழுவுக்கும் அப்படித்தான்.

மகள் ஐபோன்னு கேள்விப்பட்டேன். ஐ.ஓ.எஸ். 15.2லிருந்து ஆப்பிள்ல 5 பேர் வரைக்கும் மரபுத் தொடர்பாளர் போடலாம். ஒரு அணுகல் சாவி தரும், அதை அச்சடிச்சு வைக்கணும். அந்தச் சாவியும் மரண அத்தாட்சிப் பத்திரமும் இருந்தா போதும். 3 வருஷம் திறந்திருக்கும். சேமிச்ச பாஸ்வேர்டும் காசு கொடுத்து வாங்கின பாட்டும் படமும் வராது.

#19 கொட்டகலைக்காரன்

எல்லாவற்றையும் வைத்து மாற்றி எழுதியது. ஐயா ஒருமுறை பாருங்க.

"எனது நிறைவேற்றுநருக்கு எனது கைத்தொலைபேசி, கணினி, சேமிப்புச் சாதனங்கள், இணையக் கணக்குகள் ஆகியவற்றைத் திறக்கவும், பார்வையிடவும், பிரதி எடுக்கவும், பயனுரித்தாளருக்குக் கைமாற்றவும், மூடவும் இத்தால் அதிகாரமளிக்கிறேன். இதற்காக ஒருவரை நியாயமான கட்டணத்துக்கு அமர்த்தலாம்.

எனது புகைப்படங்கள், காணொளிகள் அனைத்தின் பிரதியையும் மூன்று பிள்ளைகளுக்கும் கொடுக்கிறேன். யூடியூப் சேனலில் எனக்குள்ள உரிமைகளையும் இணையத்தளப் பெயரையும் இரண்டாவது மகனுக்குக் கொடுக்கிறேன். எனது பாடங்களின் பதிப்புரிமையையும் அவருக்கே கொடுக்கிறேன். மூல வீடியோக் கோப்புகள் உள்ள ஹார்ட் டிஸ்க்கும் அவருக்கே. எனது மெய்நிகர் நாணயம் முழுவதையும் எனது சி.டி.எஸ். கணக்கிலுள்ள பங்குகளையும் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகக் கொடுக்கிறேன்."

கணக்கு இலக்கங்களும் தரகு நிறுவனத்தின் பெயரும் அந்தந்த இடத்தில் சேர்ப்பேன்.

#20 நொத்தாரிசு_மேசை

நன்று. இரண்டு திருத்தம். "பிள்ளைகள்" என்பதற்குப் பதிலாக மூவரின் முழுப் பெயரும் அடையாள அட்டை இலக்கமும். மெய்நிகர் நாணயத்தைப் பிரிக்க முடியாவிட்டால் நிறைவேற்றுநர் சட்டப்படி விற்றுக் காசாகப் பங்கிடலாம் என்று ஒரு வசனம். சேர்த்தபின் கையெழுத்துக்கு மேலே வெற்றிடம் விடாமல் தட்டச்சிடுங்கள்.

#21 கொட்டகலைக்காரன்

சரி ஐயா. கூகுளில் 6 மாதம் வைத்தாச்சு, மகளும் இங்கே இருக்கிற மூன்றாவது மகனும் தொடர்பாளர். பிராண்ட் கணக்குக்கு நகர்த்துவதும், சொற்களை வேறு போனில் போட்டுச் சோதிப்பதும் இந்த வாரம். சோதனையில் முகவரி ஒத்துவந்த பிறகுதான் நொத்தாரிசிடம் நாள் கேட்போம்.